அத்தியாயம் 4: வாய்க்காலில் தொடங்குங்கள் – இளைஞர் குழு ஊர்க் குளத்தை மீட்கும் முறை

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 பாசன ஏரிகள் இருக்கின்றன. ஊரணி, குட்டை, தெப்பக்குளம் என்று எண்ணப் புகுந்தால் கணக்கு இன்னும் நீளும். உங்கள் ஊரிலும் குறைந்தது ஒன்றாவது இருக்கும். சீமைக் கருவேலம் மண்டி, ஒரு மூலையில் குப்பை குவிந்து, மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீரும் மாசி பிறந்ததும் வெடித்த மண்ணுமாக அது கிடக்கும்.

அது எப்போதும் இப்படிக் கிடந்ததில்லை. ஆண்டுதோறும் கோடையில் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்து கரையைப் பலப்படுத்தி, வாய்க்காலைச் செதுக்கி, தூரை அள்ளினார்கள். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். பிரிட்டிஷ் அரசு நீர்நிலைகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டதும் ஊருக்குக் குளத்தின் மேல் இருந்த உரிமை தளர்ந்தது. 1858-இல் சட்டம் போட்டு ஆட்களை வேலைக்குக் கட்டாயப்படுத்தியும் பழைய பொறுப்பு திரும்பவில்லை. பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது. மோட்டார் பொத்தானை அழுத்தினால் தண்ணீர் கொட்டும்போது குளத்தைப் பற்றி யாருக்குக் கவலை? இன்று போர்வெல் 800 அடி, 1,000 அடி என்று இறங்கியும் காற்று வரும் ஊர்களில்தான் மக்கள் மறுபடி குளத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. அதன் பிறகு பேராவூரணிப் பகுதி இளைஞர்களும் விவசாயிகளும் சேர்ந்து ‘கைஃபா’ என்ற கடைமடைப் பகுதி விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2019-இல் ஊர் மக்களிடமும் வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களிடமும் நிதி திரட்டி, 564 ஏக்கர் பரப்புள்ள பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். கோவையில் குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் 2017 முதல் ஞாயிறுதோறும் கூடிக் குளங்களில் வேலை செய்கிறார்கள். வெள்ளலூர்க் குளத்துக்கு நீர் வரும் வாய்க்காலைச் சுத்தம் செய்து, பல ஆண்டுகள் காய்ந்து கிடந்த அந்தக் குளத்தில் நீரைக் கொண்டுவந்தார்கள். சென்னைக்கு அருகே கீழ்க்கட்டளை ஏரியை மீட்கும் பணிக்காக, அப்போது இருபதுகளில் இருந்த அருண் கிருஷ்ணமூர்த்திக்கு 2012-இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

இவர்கள் செய்ததை உங்கள் ஊரிலும் செய்யலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் நிறுத்துங்கள். ஜேசிபியை வரவழைத்துவிட்டு வேலையை ஆரம்பிக்கும் குழுக்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது ஆழமான வறண்ட பள்ளம்தான். ஆவணத்தையும், நீர் வரும் வழியையும், ஊரின் ஒப்புதலையும் கையில் வைத்துக்கொண்டு இறங்கும் குழுவின் குளத்தில்தான் தண்ணீர் நிற்கிறது. இந்த அத்தியாயம் அந்த வரிசையிலேயே போகிறது.

படி 1: குழு

பத்துப் பேர் போதும். நூறு பேர் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வருகிற பத்துப் பேர்தான் குழு. அவர்களுக்குள் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஆவணங்களுக்கும் மனுக்களுக்கும், ஒருவர் வரவு செலவுக்கு, ஒருவர் அளவு எடுப்பதற்கு, ஒருவர் ஊர் மக்களோடு பேசுவதற்கு, ஒருவர் பாதுகாப்புக்கு. யார் பொறுப்பு என்று கேட்டால் உடனே பெயர் சொல்ல முடிய வேண்டும்.

குழுவில் பெண்கள் இருக்க வேண்டும். வேலை நேரத்தை அவர்களையும் கேட்டு முடிவு செய்யுங்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்பது வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும். 18 வயதுக்குக் கீழ் உள்ள மாணவர்கள் வந்தால் பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதம் வாங்குங்கள். இயந்திரம் ஓடும் நாட்களில் அவர்களைக் குளத்துக்குள் இறக்காதீர்கள்.

இன்னொன்றைப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். பல ஊர்களில் ஊருக்கு ஒரு குளம், காலனிக்கு ஒரு குட்டை என்று பிரிந்து கிடக்கிறது. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில், தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று சவுதார் குளத்து நீரை அம்பேத்கர் அள்ளிப் பருகினார். அப்போது அவருக்கு வயது 35. பொதுக் குளம் எல்லோருக்கும் பொது என்று நிலைநாட்டிய போராட்டம் அது. உங்கள் குழுவில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்கிறார்களா என்று முதல் கூட்டத்திலேயே பாருங்கள். எந்தக் குளத்தை முதலில் எடுப்பது என்ற கேள்வி வந்தால், அதிகம் புறக்கணிக்கப்பட்ட தெருவின் குளத்தை எடுங்கள்.

படி 2: ஆவணம்

குளம் யாருடையது என்று தெரியாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள். பொதுவான பிரிவு இது: 100 ஏக்கரும் அதற்கு மேலும் பாசனப் பரப்பு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பு, இப்படிச் சுமார் 14,000 ஏரிகள் உண்டு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் கீழ் வரும். ஊரணியும் குட்டையும் ஊராட்சியைச் சேர்ந்தவை. கோயில் குளம் என்றால் இந்து சமய அறநிலையத் துறை. நகரத்துக்குள் இருப்பது பெரும்பாலும் நகராட்சி அல்லது மாநகராட்சியின் கையில் இருக்கும்.

திரட்ட வேண்டியவை:

• அ-பதிவேட்டின் நகல். குளத்தின் புல எண், பரப்பு, புறம்போக்கில் என்ன வகை என்பது இதில் இருக்கும்.
• புல வரைபடம். குளத்தின் எல்லை அளவுகளோடு கிடைக்கும். மேற்கண்ட இரண்டையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம்.
• கிராம வரைபடம். வாய்க்கால் எந்தெந்தப் புல எண்கள் வழியாக வருகிறது என்பதை இதில்தான் முழுதாகக் காண முடியும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.
• மீன்பாசிக் குத்தகை விவரம். குளம் குத்தகையில் இருந்தால் குத்தகைக்காரரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். மீன் பிடித்து முடிக்கும் மாதம் தெரிந்தால் பாதிச் சண்டை இல்லை.

கேட்டும் தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். “ஏன் தூர்வாரவில்லை?” என்று கேட்காதீர்கள், விளக்கம் கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். “புல எண் இத்தனையில் உள்ள குளத்தில் கடந்த பத்து ஆண்டுகளில் செய்யப்பட்ட பணிகள், மதிப்பீட்டுத் தொகை, அளவுப் புத்தக நகல்” என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

படி 3: வாய்க்காலோடு நடங்கள்

குளத்துக்கு உயிர் தருவது வரத்து வாய்க்கால். அது அடைபட்டிருந்தால் குளத்தை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் நேராக மேலே பெய்கிற மழை மட்டும்தான் தேங்கும். ஆகவே கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்தாமல், வாய்க்கால் தொடங்கும் இடம்வரை நடந்து போங்கள். மேலே இருக்கும் ஏரியின் மறுகாலாகவோ, ஆற்றின் கிளையாகவோ, மேட்டு நிலத்தின் ஓடையாகவோ அது இருக்கும்.

நடையில் ஒரு பெரியவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். ஏரி நீரை வயல்களுக்குப் பகிர்ந்துவிட்டவருக்குச் சில பகுதிகளில் நீர்ப்பாய்ச்சி என்றும், சில பகுதிகளில் நீர்க்கட்டி என்றும், தெற்கே சில ஊர்களில் மடைக்குடும்பர் என்றும் பெயர். அந்தக் குடும்பத்தில் ஒருவராவது இருப்பார். வரைபடத்தில் இல்லாத மடையையும், மண்ணுக்குள் புதைந்த பழைய குமிழித் தூம்பையும் அவர் காலால் காட்டுவார். “தாத்தா, அந்தக் காலத்தில் தண்ணி எந்தப் பக்கமாக வரும்?” என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது குறிக்க வேண்டியவை: வாய்க்காலின் அகலம் எங்கெங்கே குறைகிறது, எங்கே மண் மூடியிருக்கிறது, எங்கே சாலை குறுக்கிடுகிறது, சாலைக்கு அடியில் போட்ட குழாய் அடைத்திருக்கிறதா, எங்கே வீட்டுக் கழிவுநீர் கலக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் செல்பேசியில் இருப்பிடத்தோடு படம் எடுங்கள்.

பிறகு மட்டம் பாருங்கள். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கும், தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் போதும். டியூபின் இரு முனைகளையும் இரண்டு பேர் வாய்க்காலில் ஐம்பது அடி இடைவெளியில் பிடித்துக்கொள்ளுங்கள். குமிழி இல்லாமல் நீர் அசைவு நின்றதும், நீர் மட்டத்திலிருந்து வாய்க்காலின் தரைவரை இரு முனையிலும் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். குளத்தின் பக்கம் உள்ள அளவு கூடுதலாக இருந்தால் தரை குளத்தை நோக்கிச் சரிகிறது, நீர் வரும். குறைவாக இருந்தால் அந்த இடத்தில் தரை மேடாகி நீர் பின்னால் தேங்கும். இப்படியே குளம்வரை அளந்துகொண்டு போனால் எங்கே எத்தனை அங்குலம் செதுக்க வேண்டும் என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்கும். ஒரு கிலோமீட்டர் வாய்க்காலை அளக்க ஒரு காலைப் பொழுது போதும்.

இன்னும் உறுதியான சோதனை மழையே. ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்யும்போது குடையோடு வாய்க்கால் வழியே நடங்கள். தண்ணீர் எங்கே திரும்பி வேறு பக்கம் ஓடுகிறது, எந்தச் சாலையோரம் தேங்குகிறது என்பது அந்த ஒரு நடையில் தெரிந்துவிடும். அதனால்தான் இந்த வேலையின் ஆண்டு ஐப்பசியில் தொடங்குகிறது.

கழிவுநீர் கலந்தால் அதை நிறுத்துவதே முதல் வேலை. சாக்கடை வரும் குளத்தைத் தூர்வாருவது சாக்கடைக்கு இடம் கூட்டித் தருவதாகும். ஊராட்சியில் பேசி வீடுகளுக்கு உறிஞ்சுகுழி போடவும், தெருக் கழிவுநீரை வேறு வழியில் திருப்பவும் ஏற்பாடு செய்த பிறகே மண்ணில் கை வையுங்கள்.

படி 4: ஊரின் ஒப்புதலும் அரசின் அனுமதியும்

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். உங்கள் தீர்மானத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. கூட்டத்துக்கு முன்பே தெருத் தெருவாகப் போய்ப் பேசுங்கள். பாசனக்காரர், ஆடு மாடு வளர்ப்பவர், சலவைத் தொழிலாளர், மீன் குத்தகைக்காரர் என ஒவ்வொருவருக்கும் குளத்தில் ஒரு தேவை உண்டு. அதைக் கேட்காமல் போட்ட திட்டத்துக்குக் கூட்டத்தில் எதிர்ப்பு வரும். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று பார்த்து, நகல் வாங்குங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத ஊராட்சியில் தனி அலுவலர் பொறுப்பில் இருப்பார். மனுவை அவருக்கு எழுதுங்கள்.

ஒன்றியக் குளத்துக்கான மாதிரி மனு:

அனுப்புநர்: (குழுவின் பெயர், பொறுப்பாளர் பெயர், முகவரி)
பெறுநர்: வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி), ……… ஊராட்சி ஒன்றியம்
பொருள்: ……… ஊராட்சி, புல எண் ………-இல் உள்ள ……… குளத்தின் வரத்து வாய்க்காலைச் சீரமைக்கவும், குளத்தைத் தூர்வாரவும் அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா, வணக்கம். மேற்கண்ட குளத்தின் வரத்து வாய்க்கால் ……… மீட்டர் நீளத்துக்குத் தூர்ந்துள்ளது. இதைச் சீரமைக்க ……… நாளில் நடந்த கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றப்பட்டுள்ளது. பணியை ……… முதல் ……… வரை மக்கள் பங்களிப்போடு எங்கள் செலவில் செய்ய விரும்புகிறோம். ஒன்றியப் பொறியாளர் இடத்தைப் பார்வையிட்டு, தோண்ட வேண்டிய ஆழத்தையும் கரையிலிருந்து விடவேண்டிய தூரத்தையும் குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.
இணைப்பு: அ-பதிவேடு நகல், புல வரைபடம், தீர்மான நகல், படங்கள், மட்ட அளவுப் பட்டியல்.

மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியும் நல்ல வாய்ப்பு. நிலம், எல்லை தொடர்பான கோரிக்கைகளுக்கு அதுவே உரிய இடம். மக்கள் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு தரும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பணியைச் சேர்க்க முடியுமா என்றும் ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆக்கிரமிப்பு இருந்தால்

சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக இருக்கிறது. அரசு நிலத்துக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், ஏரிகளுக்கு 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். குளம் உள்ளிட்ட ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆனால் அகற்றுவது அரசின் வேலை. வேலியைப் பிடுங்கவோ, வீட்டு வாசலில் போய் வாக்குவாதம் செய்யவோ குழு போகக் கூடாது. நில அளவையர் அளந்து எல்லைக்கல் நடும்படி மனு கொடுங்கள். அளக்கும் நாளில் குழுவோடு கூட இருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலை மறித்துத் தோப்புப் போட்டவரையும், வேறு போக்கிடம் இல்லாமல் கரையோரம் குடிசை போட்டவரையும் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள். குடிசைக்காரருக்கு மாற்று இடம் கேட்டு அவரோடு சேர்ந்து நீங்களும் மனு எழுதுங்கள். குளத்தைக் காப்பாற்றுகிறோம் என்று ஏழைக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தினால் அந்தக் குளம் ஊரை இரண்டாக்கும்.

படி 5: மண் கணக்கும் பணக் கணக்கும்

ஒரு சிறிய ஊரணியை எடுத்துக்கொள்வோம். நீளம் 200 அடி, அகலம் 150 அடி. தூர் மூன்றடி படிந்திருக்கிறது. மூன்றையும் பெருக்கினால் 90,000 கன அடி. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஆக 900 யூனிட் மண். டிராக்டர் டிப்பரில் நடைக்குச் சுமார் ஒரு யூனிட் போகும் என்றால் 900 நடை. இந்த மண்ணை அள்ளினால் கூடுதலாக நிற்கப்போகும் தண்ணீர் சுமார் 25 லட்சம் லிட்டர். இந்தக் கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதி டீக்கடை முன்பு ஒட்டுங்கள். ஊரில் பேச்சு தானாக வரும்.

மண் எங்கே போகும் என்பதைத் தோண்டும் முன்பே முடிவு செய்ய வேண்டும். வண்டல் வயலுக்கு உரம். சிறுகனிமச் சலுகை விதிகள், 1959 இதற்கு இடம் தருகின்றன. விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணமின்றி வண்டல் எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்பது அளவு. விவசாயிகள் அனுமதி வாங்கித் தங்கள் டிராக்டரிலேயே எடுத்துப் போனால் உங்கள் செலவில் பெரும் பகுதி குறையும்.

“ஒரு ரூபாய் வேண்டாம், நாங்களே இலவசமாகத் தூர்வாரித் தருகிறோம்” என்று வருகிறவரிடம் கவனமாக இருங்கள். அவருக்குத் தேவை தூர் இல்லை, அடியில் இருக்கும் சவுடும் கிராவலும். இருபதடிப் பள்ளங்களை விட்டுவிட்டுப் போவார். மழைநீர் நிரம்பியதும் அந்தப் பள்ளத்தில் மூழ்கிச் சாவது ஊர்ப் பிள்ளைகள்.

பணத்துக்கு மூன்று விதிகள். குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, குறைந்தது இருவர் கையெழுத்து. ரசீது இல்லாமல் வாங்குவதும் கொடுப்பதும் இல்லை. இயந்திரம் ஓடிய மணி, டீசல், நன்கொடை எல்லாவற்றையும் வாரந்தோறும் கரையில் பலகையில் எழுதி வைப்பது. குழுக்களை உடைப்பது பெரும்பாலும் பணம் இல்லாத குறையைவிடப் பணம் பற்றிய சந்தேகம்தான். கட்சிக்காரர் நிதி தந்தால் வாங்கலாம்; பலகையில் எல்லோர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும்.

படி 6: தூர்வாரும் முறை

சித்திரை முதல் ஆனி வரை வேலைக்காலம். தென்மேற்குப் பருவமழை பெறும் குமரி மாவட்டத்திலும் மேற்கு மலையடிவாரத்திலும் வைகாசிக்குள் முடித்துவிடுங்கள். முதலில் வாய்க்கால், பிறகு குளம் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

சீமைக் கருவேலத்தை வெட்டினால் மறுபடி தழைக்கும். வேரோடு பிடுங்க வேண்டும். ஆனால் புறம்போக்கில் நிற்கும் மரம் பொதுச் சொத்து. ஏலமோ எழுத்துபூர்வமான அனுமதியோ இல்லாமல் விறகை விற்றால் வழக்கு வரும். நாட்டுக் கருவேலத்தைத் தொடாதீர்கள். கொக்கும் நாரையும் கூடு கட்டும் மரம் அது. ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையிலேயே போட்டால் முதல் மழையில் திரும்பக் குளத்துக்குள் போய்விடும். தூரமாகக் கொண்டுபோய்க் காயவிடுங்கள். நெய்வேலிக் காட்டாமணக்கின் ஒடிந்த தண்டும் வேர்விடும் என்பதால் அதையும் ஒன்றுவிடாமல் பொறுக்க வேண்டும்.

எவ்வளவு ஆழம் தோண்டுவது? கடப்பாரை சொல்லும். குளத்தின் நடுவிலும் ஓரங்களிலுமாகப் பல இடங்களில் கடப்பாரையை ஓங்கிக் குத்துங்கள். தூர் கறுப்பாகவும் பொதுபொதுவென்றும் இருக்கும். கடப்பாரை எளிதில் இறங்கும். ஓரிடத்தில் ‘ணங்’ என்று தடுக்கும், அல்லது மண்ணின் நிறம் மாறி இறுகிய களிமண் வரும். அதுதான் பழைய தரை. அங்கே நிறுத்துங்கள். குடிநீர் ஊரணியில் அந்தக் களிமண் படிவம்தான் நீரைத் தாங்கி நிற்கிறது. அதை உடைத்தால் தண்ணீர் வேகமாக இறங்கிவிடும். கடலோர ஊர்களில் ஆழம் கூடினால் உப்பு நீர் ஊறும்.

மற்ற விதிகள்:

• கரையின் அடியைத் தோண்டாதீர்கள். பொறியாளர் குறித்த தூரத்தை விட்டு, சரிவாக உள்ளே இறங்குங்கள். செங்குத்தாக வெட்டிய கரை மழையில் சரியும். இறங்கிய மாடும் ஆளும் ஏற முடியாது.
• ஒரு பக்கம் ஆழம் குறைந்த ஓரத்தை அப்படியே விடுங்கள். நீர்ப்பறவை இரை தேடுவதும் மீன் குஞ்சு ஒதுங்குவதும் அங்கேதான்.
• கலிங்கின் மேல் கல்லும் மண்மூட்டையும் அடுக்கி உயரத்தைக் கூட்டாதீர்கள். கூடுதல் நீர் வெளியேற வழி இல்லாவிட்டால் கரை உடையும்.
• மதகையும் கலிங்கையும் நீங்களே உடைத்துக் கட்டாதீர்கள். அது துறைப் பொறியாளரின் பணி.
• அள்ளிய மண்ணை வாய்க்கால் ஓரத்தில் குவிக்காதீர்கள்.

படி 7: உயிருக்குக் காவல்

காலணி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. உடைந்த பாட்டில், முள், துருப்பிடித்த கம்பி எல்லாம் தூருக்குள் இருக்கும். கையுறை, ரப்பர் பூட்ஸ், முதலுதவிப் பெட்டி, குடிநீர் ஆகியவை முதல் செலவு. காயம் பட்டால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். தேங்கிய நீரில் வேலை செய்த சில நாட்களில் காய்ச்சலும் கடும் உடல்வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். குளத்தில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

புதருக்குள் பாம்பு இருக்கும். கம்பால் தட்டிவிட்டுக் கையை நீட்டுங்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் கிடைக்கும். ஜேசிபி ஓடும்போது அதன் கை சுழலும் வட்டத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது. செல்ஃபி எடுக்க வருபவர்களுக்குக் கயிறு கட்டித் தனி இடம் ஒதுக்குங்கள்.

படி 8: நீர் வந்த பிறகு

குளம் நிரம்பிய அன்று ஊரே திரண்டு வரும், மலர் தூவும், படம் எடுக்கும். மறு ஆண்டு யார் வருவார்கள்? அதை இப்போதே தீர்மானியுங்கள்.

புரட்டாசியில் கரையின் வெளிப்புறச் சரிவில் பத்தடிக்கு ஒன்றாகப் பனை விதை ஊன்றுங்கள். மதகுக்கு அருகில் எந்த மரமும் வேண்டாம். மழைக்காலத்தில் இரண்டிரண்டு பேராக முறை வைத்துக் கரையைச் சுற்றி வாருங்கள். நண்டு வளை, எலி வளை, ஈரம் கசியும் இடம் தெரிந்தால் உடனே துறைக்குத் தகவல் தாருங்கள். குளத்தில் அடி அளவு குறித்த கல் ஒன்றை நட்டு, வாரம் ஒருமுறை நீர்மட்டத்தையும், சுற்றியுள்ள சில கிணறுகளின் நீர்மட்டத்தையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை நிதி கேட்டுப் போகும்போது அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும். ஆழமான பக்கத்தில் எச்சரிக்கைப் பலகை வையுங்கள்.

ஆண்டுக்கான நாட்காட்டி:

ஐப்பசி – கார்த்திகை: மழையில் வாய்க்கால் நடை, நவம்பர் 1 கிராம சபையில் முதல் பேச்சு.
மார்கழி – தை: ஆவணங்கள், தகவல் கோரும் மனுக்கள்.
மாசி – பங்குனி: மட்ட அளவு, மண் கணக்கு; மார்ச் 22 தீர்மானம்; அனுமதி.
சித்திரை – ஆனி: வாய்க்கால், புதர் அகற்றல், தூர்வாருதல்.
ஆடி – ஆவணி: கரை, சாலைக் குழாய்கள், வாய்க்காலில் கடைசிச் சுத்தம், வரவு செலவைக் கிராம சபையில் வாசித்தல்.
புரட்டாசி: பனை விதை, கரைக் காவல் முறை.

முதல் ஆண்டில் வாய்க்காலை மட்டும் திறந்தால்கூட அது முழு வெற்றி. பணமும் ஆளும் குறைவாக இருந்தால் குளத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள், வாய்க்காலைத் தள்ளாதீர்கள். இந்த ஞாயிறு காலை கிராம வரைபடத்தை எடுத்துக்கொண்டு, உங்களோடு வரச் சம்மதிக்கும் இரண்டு பேரோடு, வாய்க்கால் தொடங்கும் இடத்துக்குப் போங்கள். அங்கிருந்து குளம்வரை நடந்து வாருங்கள். வேலை தொடங்கிவிட்டது.